ஆசிரியருக்குக் கடிதம்: பிளாஸ்டிக் சுற்று மழைக்குத் தாங்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு கட்டுமான இணைப்பில், 'பிளாஸ்டிக் சுற்றோடு வருவதால் இன்சுலேஷன் ரோல்களை வெட்டவெளியில் அடுக்கினாலும் பாதகமில்லை' என்று வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை. விற்பவர் சொன்னதை அப்படியே அச்சேற்றியிருக்கிறீர்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

அந்தச் சுற்று, வழியில் தூசி படாமல் இருக்கத்தான். ஏற்றி இறக்குவதிலேயே நாலு இடத்தில் கிழிந்துவிடும். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லை. இந்த ரோல்களில் இருக்கும் கிளாஸ் வூல், அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் நின்றால், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். தங்களுக்குத் தெரியாததல்ல.

பல்லடம் பக்கம் எங்கள் தறிக்குடோனுக்குக் கூரை மாற்றியபோது, ஐப்பசி மழையில் ரோல்கள் களத்தில் கிடந்தன. மேலாகக் காய்ந்ததும் காண்ட்ராக்டர் ஏற்றிவிட்டார். சித்திரையில் தறி ஓட்டுபவர்கள், பழைய ஓட்டுக்கூரையே தேவலை என்றார்கள். ஷீட்டைக் கழற்றினால் பஞ்சு நைந்து அமுங்கி, பாதி தடிமன்கூட இல்லை. ஈரம் ஒட்டிய இடமெல்லாம் தகரம் உள்பக்கம் துருவேறியிருந்தது. கேட்டதற்கு, 'சுற்றுப் பிரிக்காத சரக்குங்க' என்பதுதான் பதில்.

வெப்பம் தடுக்கப் போடும் தெர்மோகோல் பலகை, பஞ்சு அளவுக்குத் தண்ணீர் குடிக்காது. ஆனால் வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மேல்புறம் மஞ்சளித்து மாவாக உதிரும்; அதில் பசை பிடிக்காது. ஆடிக்காற்றடித்தால் பலகைகளைப் பக்கத்துத் தோட்டத்தில்தான் பொறுக்க வேண்டும்.

2022 தொடக்கத்தில் கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்தியபோது தங்கள் பத்திரிகையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு மூலை. மின்கட்டணம் பற்றி நான் எழுதிய கடிதத்தில் முக்கியமான பத்தியே வெட்டுப்பட்டது. விற்பவர்களுக்கு மட்டும் முழுப்பக்கம். அப்பா காலத்திலிருந்து வாங்கும் பத்திரிகை என்பதால்தான் மனசு தாங்கவில்லை.

இப்போது தம்பி கோழிப்பண்ணைக்கு ஷெட் கட்டுகிறான். ரோல்களை மூடி வைக்கச் சொன்னால், காண்ட்ராக்டர் தங்கள் இணைப்பை எடுத்து நீட்டுகிறார். நான் என்ன சொல்லி வாயடைப்பது?

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் சிறிய கட்டத்திலாவது திருத்தம் போடுங்கள். ரோல்களைக் கூரைக்கடியில், தரையில் படாமல் கட்டை மேல் அடுக்க வேண்டும். வெளியில் வைத்தே தீர வேண்டுமென்றால் அடியில் காற்றுப்போக இடம் விட்டுத் தார்ப்பாய் போட வேண்டும். நனைந்த ரோலை ஏற்றக் கூடாது. இவ்வளவு போதும். ஐப்பசி மழைக்கு முன் வந்தால் தம்பிக்கு உதவும்.

இப்படிக்கு,
தறிக்குடோன் வாசகர்,
பல்லடம்