கொழுப்புக் கட்டியைப் புற்றுநோய் என்று பதிவு செய்தது குறித்த புகார்

அனுப்புநர்:
பாலிசிதாரரின் மகன்,
கல்லிடைக்குறிச்சி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அதிகாரி,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனம்.

பொருள்: என் அம்மாவின் கிளெய்மில் உள்ள சி49.1 (மென்திசுப் புற்றுநோய்) என்ற நோய்க் குறியீட்டை டி17.2 (கை கால் கொழுப்புக் கட்டி) எனத் திருத்தக் கோருவது.

ஐயா,

என் அம்மாவுக்கு வலது மேற்கையின் பின்பக்கம் பல வருடமாக ஒரு கட்டி இருந்தது. நெல்லிக்காய் அளவில் இருந்தவரை அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து, அப்பளம் இடும்போது ரவிக்கைக் கை இறுக்கத் தொடங்கிய பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் நழுவியது. ஆழத்தில் ஒட்டவில்லை, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டவில்லை, திடுமென்று பெருக்கவும் இல்லை. கொழுப்புக் கட்டிதான் என்று சர்ஜன் சொல்லி எடுத்தார். பயாப்ஸி ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது: முதிர்ந்த கொழுப்பு அணுக்கள், சுற்றிலும் மெல்லிய உறை, அணுக்களில் எந்த மாறுபாடும் இல்லை.

கேஷ்லெஸ் முறையில் பணத்தை நீங்கள் ஒழுங்காகக் கட்டினீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த முறை புதுப்பிக்கும்போது காப்பீட்டுத் தொகையை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தக் கேட்டிருந்தோம். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர் என்பதால் உயர்த்த முடியாது என்று பதில் அனுப்பினீர்கள். கடிதம் அம்மா பெயருக்கு, ஆங்கிலத்தில் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தார். "எனக்குப் புத்துநோயாம்லா. எங்கிட்ட மறைச்சிட்டியளாய்யா?" என்று கேட்டார். பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து வரிவரியாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்பம் கம்பெனிக்காரன் பொய்யா எழுதுவான்?" என்கிறார். இந்தக் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் செயலியில் கிளெய்ம் விவரத்தைத் திறந்து பார்த்தால், நோய்க் குறியீடு என்ற இடத்தில் சி49.1 என்று இருக்கிறது. மருத்துவமனை உங்களுக்கு அனுப்பிய படிவத்தில் இருப்பதோ டி17.2. அந்தப் படிவத்தின் நகல் என் கையில் இருக்கிறது. ஆகவே "ஆஸ்பத்திரி கொடுத்த கோடுதான் சார்" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையில் திரும்பத் திரும்பச் சொல்வது உண்மையில்லை.

இது எப்படி நடந்திருக்கும் என்று மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் இருப்பவர் விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுத் தொகுப்பில் கட்டிகளுக்கென்று ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வோர் உடற்பகுதிக்கு நேராகவும் வரிசையாகக் கட்டங்கள். முதல் கட்டம் அங்கேயே தோன்றிய புற்றுநோய்க்கு, தீங்கற்ற கட்டிக்கு நான்காவது. டிஸ்சார்ஜ் சம்மரியில் முதல் வரி "வலது மேற்கை, மென்திசுக் கட்டி" என்று இருந்தது. அதை மட்டும் பார்த்துவிட்டு, மேற்கை மென்திசுவுக்கு நேராக முதல் கட்டத்தில் இருந்ததை யாரோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது என் ஊகம். நான்காவது கட்டத்துக்குப் போயிருந்தாலும் மற்ற தீங்கற்ற மென்திசுக் கட்டிகளுக்கான டி21.1 என்றுதான் கிடைத்திருக்கும். கொழுப்புக் கட்டிக்கு டி17 என்று தனிப் பிரிவே இருக்கிறது: தலை, முகம், கழுத்து என்றால் டி17.0, நடு உடம்பு என்றால் டி17.1, கை கால் என்றால் டி17.2. அடுத்த வரியில் இருந்த பயாப்ஸி முடிவைப் படித்திருந்தால் நேராக அங்கே போயிருக்கலாம்.

இதைவிட எனக்கு எரிச்சலூட்டியது உங்கள் அலுவலர் ஒருவர் சொன்ன சமரசம். "சி-ஐ எடுத்துவிட்டு டி48.1 போட்டுத் தருகிறோம், சரிதானே?" என்றார். சரியில்லை. டி37 முதல் டி48 வரை உள்ளவை, கட்டி தீங்கற்றதா புற்றுநோயா என்று திட்டமாகத் தெரியாதவற்றுக்கு. இங்கே திட்டமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. காய்கறிக் கடையில் பேரம் பேசி நடுவில் ஒரு விலைக்கு வருகிற காரியமா இது? டி48.1 என்று பதிவானால் அடுத்து பாலிசி கேட்கும் இடத்தில் இன்னொரு சந்தேகம் கிளம்பும்.

"புற்றுநோய் குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்றும் கேட்டீர்கள். வராத நோய் குணமானதாக எந்த டாக்டர் கையெழுத்துப் போடுவார்?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டபோது, தீங்கற்ற கட்டிகளுக்கு எங்கள் பாலிசியில் 24 மாதக் காத்திருப்பு உண்டு, அது முடிந்ததா என்று கேட்டு, பழைய பாலிசி நகல்களை வாங்கிச் சரிபார்த்த பிறகே ஒப்புதல் தந்தீர்கள். அந்த மின்னஞ்சலும் என்னிடம் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பு தீங்கற்ற கட்டி, தொகையை உயர்த்தக் கேட்டால் புற்றுநோய். ஒரே கட்டி, ஒரே நிறுவனம்.

எனவே பதிவை டி17.2 எனத் திருத்தி எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். சி49.1 என்ற விவரத்தை வெளியே எங்காவது பகிர்ந்திருந்தால் அங்கும் திருத்தம் அனுப்பி, எங்கே அனுப்பினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் கிளெய்ம் வரலாற்றை அவர்கள் உங்களிடம்தானே கேட்பார்கள். தொகை உயர்வு விண்ணப்பத்தை மறுபடி பரிசீலியுங்கள். அப்புறம், அம்மாவுக்குப் புற்றுநோய் இல்லை, தவறு எங்களுடையது என்று தமிழில் ஒரு கடிதம், அவர் பெயருக்கே, உங்கள் முத்திரையோடு வர வேண்டும். நான் சொல்லி அவர் நம்பவில்லை.

ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிட்டால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் மனுக் கொடுப்பேன். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனைப் படிவம், உங்கள் முன் அனுமதி மின்னஞ்சல், மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரருக்காக அவர் மகன்