அமைச்சகத்துக்கு: சொந்த இயங்குதளத்தைத் தடுக்கும் இரண்டாவது பூட்டு

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2023 ஜனவரியில் பார்ஓஎஸ் போனை இரண்டு மத்திய அமைச்சர்கள் கையில் வாங்கிச் சோதித்தார்கள். சென்னை ஐஐடியில் வளர்ந்த இயங்குதளம், எங்களுக்கும் பெருமைதான். அதில் வங்கிச் செயலி திறக்குமா என்று யாராவது தட்டிப் பார்த்தார்களா?

கேட்கக் காரணம் இருக்கிறது. என் போனில் இருப்பது கிராஃபீன் ஓஎஸ், அதாவது பாதுகாப்புக்காக ஆண்ட்ராய்டை மாற்றிக் கட்டிய இயங்குதளம். பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் ஏறுகின்றன. போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் மென்பொருளும் பூட்டியே இருக்கிறது. ஆனாலும் போன வாரம் மருந்துக்கடையில் என் வங்கியின் செயலி, 'சாதனம் பாதுகாப்பற்றது' என்று மூடிக்கொண்டது. பின்னால் வரிசை நீள்கிறது, மருந்துச் சீட்டு கடைக்காரர் கையில். பக்கத்தில் நின்றவரின் போனுக்குத் திருத்தம் வந்து வருஷக்கணக்காகிறதாம். அதில் அதே செயலி திறந்தது! அவர்தான் எனக்கும் பணம் கட்டினார். ஆக, செயலி தேடுவது பாதுகாப்பை இல்லை, 'இது நாங்கள் அங்கீகரித்த போன்' என்ற கூகுளின் சான்றை.

கம்பெனிகள் சொந்த இயங்குதளம் செய்யத் தயங்குவதற்கும் செயலிகளும் கூகுளின் பிடியும்தான் முக்கியக் காரணம். சாம்சங்குக்கா எழுதத் தெரியாது? தன் சொந்த டைசன் இயங்குதளத்தோடு வந்த இசட்1 போனை 2015-இல் 5,700 ரூபாய்க்கு இந்தியாவில்தான் முதலில் விற்றது. செயலிகள் போதுமான அளவு வரவில்லை; 2017-இல் வந்த இசட்4-ஓடு வரிசை முடிந்தது. 2012-இல் அலிபாபாவின் இயங்குதளத்தில் ஏசர் வெளியிட இருந்த போன், கூகுள் ஆட்சேபித்ததும் அப்படியே நின்றது. அமெரிக்கத் தடைக்குப் பிறகும் ஹுவாவே தாக்குப்பிடித்ததென்றால், சீனாவில் கூகுளின் செயலிக் கடையே இல்லை என்பதும் ஒரு காரணம்.

ஆண்ட்ராய்டு போன் விற்கும் கம்பெனிகள் மாற்றிக் கட்டிய ஆண்ட்ராய்டை விற்கக் கூடாது என்ற கூகுளின் ஒப்பந்தம்தான் முதல் பூட்டு. அதை இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டு உடைத்தது. ஆண்ட்ராய்டை மாற்றிக் கட்டவும் இங்குள்ள கம்பெனிகளுக்கு வழி பிறந்தது. கட்டி என்ன செய்ய, கூகுளின் சான்று என்ற இரண்டாவது பூட்டு இருக்கிறதே? யுபிஐ ஓடாத போனை யார் வாங்குவார்? மேடையில் சுயசார்பு, கல்லாவில் கலிபோர்னியா கூகுளின் கையெழுத்து. உரை எழுதுகிறவர்களுக்கு மட்டும் குறையே இல்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். வங்கி, யுபிஐ, அரசுச் செயலிகள் கூகுள் சான்று இல்லாத போனிலும், அது பாதுகாப்பானதாக இருந்தால், திறக்க வேண்டும். போனின் வன்பொருளைக் கொண்டே இயங்குதளத்தைச் சரிபார்க்கும் வசதி ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. ரிசர்வ் வங்கியோடும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐயோடும் பேசி, அதையும் ஏற்கச் சொல்லுங்கள். எப்போது செய்வீர்கள் என்று ஒரு தேதியும் தயவுசெய்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு போன் பயனாளர்