இறக்கை ஓரத்துப் பலகை

அன்புள்ள முத்துக்குமார்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெயர் வைத்ததும் மறக்காமல் எழுது. விமானம் ஓடுபாதையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது இறக்கையின் பின்னோரத்தில் ஒரு பலகை மேலும் கீழும் ஆடி நின்றதாகவும், ஏதோ கழன்றுவிட்டது என்று நீ பயந்துபோனதாகவும் எழுதியிருந்தாய். அது ஆடாமல் இருந்திருந்தால்தான் நீ பயந்திருக்க வேண்டும்.

அந்தப் பலகைக்கு ஏலெரான் என்று பெயர். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது அது. வாலில் உள்ள எலிவேட்டர் மூக்கை உயர்த்தும், தாழ்த்தும், ரடர் என்ற பலகை மூக்கை இடம் வலமாகத் திருப்பும். கிளம்புவதற்கு முன் விமானி இம்மூன்றையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அசைத்துப் பார்க்க வேண்டும். நிற்கும் விமானத்தில் காற்று இவற்றை அடித்து முறிக்காமலிருக்கப் பூட்டு ஒன்று போடுவது வழக்கம். செக்லிஸ்ட் என்ற பழக்கம் வேரூன்றியதே இந்தப் பூட்டினால்தான். 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் போயிங் 299 என்ற புதிய குண்டுவீச்சு விமானம் பூட்டை எடுக்காமலே மேலெழும்பி விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்த சோதனை விமானிகள்.

நான் பயிற்சி விமானங்களைப் பராமரித்த காலத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறேனா என்று நினைவில்லை. செஸ்னா என்ற சிறு பயிற்சி விமானத்தின் பூட்டு மிக எளியது: கைப்பிடித் தண்டின் துளையில் செருகும் ஒரு கம்பி, அதோடு ஒரு சிவப்புத் தகடு. தகடு சாவித் துளையை மறைத்து நிற்பதால், கம்பியை உருவாமல் என்ஜினைக் கிளப்ப முடியாது. கம்பி தொலைந்துபோன ஒரு விமானத்தில் யாரோ மூன்று அங்குல ஆணியைச் செருகியிருந்தார்கள். ஆணிக்கு ஏது தகடு? என்ஜின் கிளம்பியது, தரையில் ஊர்ந்து போகக் கால் மிதிகளே போதும் என்பதால் வழியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஓடுபாதை முனையில் நின்று கைப்பிடியைத் திருப்பிய மாணவன், "சார், அசையவே இல்லை" என்றான். பயிற்சியாளர் குனிந்து பார்த்தபோதுதான் ஆணியின் தலை தெரிந்தது. யார் செருகியது என்று கேட்டதற்குக் கடைசிவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த மாணவன் புதியவன், அதனால் ஒன்றையும் விடாமல் செய்தான். பல்லாண்டு அனுபவம் உள்ளவர்களிடம்தான் இந்தச் சோதனை தேய்ந்து போகிறது. 2014 மே 31 இரவு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் ஜெட், பூட்டு போட்டபடியே ஓடுபாதையைத் தாண்டிப் பாய்ந்து எரிந்ததில் ஏழு பேரும் மாண்டார்கள். அந்த ரகத்தில் பூட்டு போட்டிருந்தால் என்ஜின் விசையை வெகுவாகக் கூட்ட முடியாதபடி ஒரு தடை உண்டு. அந்தத் தடையோ, இருக்கவேண்டியதைவிட அதிகம் விட்டுக்கொடுத்தது. அதைவிட என்னை உலுக்கியது வேறு. பதிவுக் கருவியை ஆராய்ந்தபோது, அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 விழுக்காட்டில் அந்த விமானிகள் இந்தச் சோதனையை முழுமையாகச் செய்திருக்கவில்லை என்று தெரியவந்தது.

அசைகிறதா என்று மட்டும் பார்த்தாலும் போதாது. 2001 மார்ச்சில் ஃபிராங்ஃபர்ட்டில் லுஃப்தான்சாவின் ஏ320 விமானம் ஒன்றில், பழுது பார்த்தபோது கேப்டன் பக்கத்துக் கட்டுப்பாட்டின் வயர்கள் இடம் மாறிவிட்டன. சோதனையின்போது திரையில் பலகைகள் அசைந்தன. எந்தத் திசையில் என்று எவரும் கவனிக்கவில்லை. மேலெழும்பியதும் இடப்பக்கம் சாய்ந்த விமானத்தைக் கேப்டன் வலப்பக்கம் திருப்ப, அது இன்னும் இடப்பக்கமே சாய்ந்தது. இறக்கை நுனி தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு வந்த நிலையில், துணை விமானி தன் பக்கத்துக் கட்டுப்பாட்டைக் கொண்டு நிமிர்த்திவிட்டார். இதற்காகத்தான் சிறு விமானங்களில் கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை நிமிர்த்தி வைக்கச் சொல்வார்கள்: திருப்பும்போது கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துப் பலகை மேலே எழ வேண்டும். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டுபோல இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிடிபடாத கோளாறும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2017 மார்ச் 8 அன்று, மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியோடு வில்லோ ரன் விமான நிலையத்தில் கிளம்பிய எம்டி-83 விமானத்தின் வலப்பக்க எலிவேட்டர், நின்றிருந்தபோது வீசிய பலத்த காற்றில் இறுகிப் போயிருந்தது. அந்த ரகத்தில் கைப்பிடி எலிவேட்டரை நேரடியாக இழுப்பதில்லை. அதன் ஓரத்துச் சிறு தகட்டைத்தான் அசைக்கும், பெரிய பலகையைக் காற்றே தூக்கும். ஆகவே தரையில் அசைத்துப் பார்த்தபோது கைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. மூக்கு எழவில்லை என்று உணர்ந்த கணத்தில், நிறுத்தக் கூடாது என்று விதி சொல்லும் வேகத்தைக் கடந்திருந்தும், விமானி நிறுத்தினார். வேலியை உடைத்துக்கொண்டு போனாலும் 116 பேரும் பிழைத்தார்கள். விதியை மீறியவர் என்று அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பறக்க மறுக்கும் விமானத்துக்கு அந்த விதி எழுதப்படவில்லை.

அடுத்த மாதம் பேரனைப் பார்க்கப் போகும்போதும் இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரமாக இடம் கேட்டு வாங்கு. உன் பக்கத்துப் பலகை மேலே போகும்போது எதிர்ப்பக்கத்தது கீழே போகும். முடிந்தால் எட்டிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
ராஜாராமன்