சங்கரனுக்கு, கல்லிடைக்குறிச்சியிலிருந்து

அன்புள்ள சங்கரா,

ஏழு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். முழங்கால் வலி என்று சொன்னால் நீ சிரிப்பாய். சோம்பல் என்று சொன்னால் மதினி உடனே நம்பிவிடுவார். எது வேண்டுமோ எடுத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். செண்பகம் உங்களுக்கென்று இரண்டு கட்டு அப்பளம் எடுத்துவைத்து, அதை நானே பொரித்துத் தின்றுவிடாமல் காவல் காக்கிறாள்.

இன்று பேனாவை எடுக்கவைத்தது நீ அனுப்பிய பயணத் திட்டம். டிசம்பர் மூன்றாவது வாரம், மூன்றே நாள்: நெல்லையப்பர், அல்வா, குற்றாலம், திருச்செந்தூர், நடுவில் பாபநாசத்தில் உன் அப்பாவுக்குத் திதி. இதைப் போட்டது நீயா, உன் மருமகனா? பதினெட்டு வயது வரை தாமிரபரணியில் குளித்துக் கண் சிவந்தவன் போடுகிற திட்டமா இது? அந்தக் குடை விவகாரத்தில்கூட நீ இதைவிட நன்றாக யோசித்தாய்.

முதலில் தேதியை மாற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதும், ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறதா? வருஷா வருஷம் அப்படிப் பெய்யாதுதான். ஆனாலும் மார்கழி ஆறு கலங்கலாக ஓடும், இறங்க மனம் வராது. தை பிறந்ததும் வா. நான் காட்ட நினைக்கும் ஆட்களும் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள்.

யார் என்கிறாயா? திருப்புடைமருதூர் நாரைகள். வீரவநல்லூரைத் தாண்டி, கடனா நதி வந்து தாமிரபரணியில் கலக்கிற இடம். நம் கணக்கு வாத்தியாரின் மாமனார் ஊர் என்பதைத் தவிர நமக்கு அப்போது ஒன்றும் தெரியாது. போன மாசியில் போனேன். கோயிலை ஒட்டிய இலுப்பையிலும் மருதிலும் கிளைக்குக் கிளை கூடு. சங்குவளை நாரை நெடுநெடுவென்று நிற்கிறது. மஞ்சள் அலகு, வால் பக்கம் யாரோ குங்குமத்தைக் கரைத்துத் தடவியது போல ஓர் இளஞ்சிவப்பு. பெரிய பறவைகள் வாய் திறப்பதில்லை, அலகைத் தட்டுவதோடு சரி. கத்துவதெல்லாம் குஞ்சுகள். தாய் தொண்டையிலிருந்து மீனைக் கக்கிப் போடுகிறது, குஞ்சுகள் அடித்துப் பிடித்துத் தின்கின்றன. அந்தச் சண்டையில் பாதி செரித்த கெளுத்தி ஒன்று என் செருப்பின் மேல் வந்து விழுந்தது. நாற்றத்தை விவரிக்க வேண்டாம், மதினி படிப்பார். அடுத்த மரத்தில் பழந்தின்னி வௌவால்கள் கறுப்புக் குடைகளாகத் தொங்குகின்றன. (குடை என்றதும் சிரிக்காதே.) இந்தத் துண்டு நிலத்தைத்தான் 2005-இல் பறவைகளுக்கான காப்பகமாக அரசு அறிவித்தது.

கோயிலுக்குள் சுவாமி நாறும்பூநாதர் சாய்ந்திருக்கிறார். ஆற்றில் வெள்ளம், அக்கரையில் நின்று கருவூர்ச் சித்தர் கூப்பிட்டாராம். அதைக் கேட்கச் சாய்த்த தலையைச் சுவாமி இன்னும் நிமிர்த்தவில்லை. கோபுரத்தின் உள்நிலைகளில் ஓவியங்கள் இருக்கின்றன. கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற காட்சிகூட உண்டு. அனுமதி கேட்டு ஏறிப் பார்க்க வேண்டும். படி செங்குத்து. என் முழங்கால் உன்னைத்தான் அனுப்பும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முண்டந்துறைக் காட்டுக்குள் சொரிமுத்தையனாரைக் கும்பிடலாம். ஆடி அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாகப் போனால் காடு காடாக இருக்கும். சோலைமந்தியை, அதுதான் சிங்கவால் குரங்கை, காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன், அது தன் இஷ்டப்படிதான் கண்ணில் படும். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார். பெண், மாப்பிள்ளை பெயரை வைத்தே பாய் நெய்து கொடுப்பார்கள், உன் பேத்தி கல்யாணத்துக்கு இப்போதே சொல்லிவை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் இமயத்தைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் இருக்கும். அந்த ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகள் எடுத்த குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அதன் மேல் நடக்க எனக்குக் கால் கூசியது. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடியில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். திருச்செந்தூர் உன் இஷ்டம். குற்றாலம் வேண்டாம், தை மாதம் அங்கே பெரும்பாலும் பாறையைத்தான் பார்ப்பாய்.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன்.

போன மாதம் பாபநாசத்தில் சில இளைஞர்கள் ஆற்றிலிருந்து துணி அள்ளினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் கூப்பிட்டான், போனேன். திதி கொடுத்தவர்களும் பரிகாரம் செய்தவர்களும் உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள் அல்லவா, அந்தத் துணிகள். மேலே தெரிவது கொஞ்சம்தான். காலை ஊன்றினால் மணலுக்குப் பதில் துணி, மெத்தை மாதிரி அமுங்குகிறது. நான் இழுத்தது ஒரு வேட்டி. பாறை இடுக்கில் முறுக்கிக்கொண்டு வர மறுத்தது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தோம். கரையில் பிரித்தால் கறுப்புச் சேறும், மடிப்புக்குள் செத்துப்போன ஒரு நண்டும். வேட்டியின் கரை மட்டும் சாயம் போகாமல் பச்சையாகவே இருந்தது.

சங்கரா, எங்கள் அப்பாவின் முதல் திதியன்று நானும் ஒரு பச்சைக்கரை வேட்டியை அங்கேதான் விட்டேன். சடங்கு செய்துவைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னார், போனேன். இது அதே வேட்டியாக இருக்க வாய்ப்பில்லை என்று செண்பகம் நூறு தடவை சொல்லிவிட்டாள். எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா அந்த ஆற்றில் சோப்புப் போட்டுக் குளித்தால்கூடத் திட்டுவார், உன்னையும் ஒருமுறை திட்டியிருக்கிறார்.

ஆகவே திதிக்குப் பாபநாசமே வா, நானும் கூட வருகிறேன். எள்ளும் தண்ணீரும் இறைப்போம், முங்கி எழுவோம். ஈர வேட்டியைப் பிழிந்து கையோடு எடுத்துக்கொள். அங்கே யாராவது ஏதாவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன். என் வீட்டு மாடிக் கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

தேதி முடிவானதும் எழுது. பேத்தியின் பெயரையும் சரியான எழுத்தோடு எழுது, பத்தமடையில் சொல்லிவைக்க வேண்டும்.

உன்,
பிச்சுமணி