மேற்கு ஜன்னலுக்கு ஒரு சன் ஃபிலிம்

துவாரகா, புது டில்லி

அன்புள்ள சுபாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அறை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டப்பகலில் கனமான திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் நாள் முழுக்க வேலை செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. மேற்கே பார்த்த ஜன்னல், மூன்று மணிக்கு மேல் கம்ப்யூட்டர் திரையே தெரியவில்லை, சாயந்திரமானால் தலைவலி என்கிறாய். புரிகிறது. கண் கூசக்கூடாதுதான், அதற்காக வெளிச்சத்தையே வீட்டை விட்டு விரட்டிவிட வேண்டாம். வெயிலை மட்டுப்படுத்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள், அந்த சன் ஃபிலிமை ஒட்ட ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டாயே, ஒரு ஜன்னலுக்கு ஆள் எதற்கு? நீயே ஒட்டலாம். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மேஜையைத் திருப்பிப் போடு. இப்போது ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த வெளிச்சம் நேரே திரையில் விழுந்து உன் கண்ணுக்கே திரும்பி வருகிறது. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாலும் சரிப்படாது, பளிச்சென்ற வானத்துக்கு முன்னால் திரை மங்கலாகத்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வரும்படி உட்கார். இதற்குக் காலணா செலவில்லை, தொல்லையில் ஒரு பங்கு இதிலேயே குறைந்துவிடும்.

அப்புறம், எல்லா ஜன்னலுக்கும் ஒட்டிவிடாதே. நாங்கள் இங்கே மேற்கு ஜன்னலுக்கு மட்டும்தான் ஒட்டியிருக்கிறோம். தெற்கு ஜன்னலைத் தொடவில்லை. டில்லியில் ஜூன் மாத நடுப்பகலில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே, 85 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்கு ஜன்னலுக்கு அப்போது மேலே இருக்கும் சன்ஷேடே போதும். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட 38 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். தாழ்ந்து வரும் அந்த வெயில் கூடத்துக்குள் வெகுதூரம் வருகிறது. ஜனவரிக் குளிரில் அப்பா செய்தித்தாளோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வது அந்த இடத்தில்தான். ஃபிலிம் ஒட்டிவிட்டால் குளிர்காலத்துக்கென்று கழற்றி மாட்ட முடியாது. மேற்கு ஜன்னல் கதை வேறு. சாயும் வெயிலுக்கு எந்த சன்ஷேடும் தடை இல்லை, அதன் அடியில் புகுந்து நேராக உள்ளே வரும். ஜூன் கடைசியில் இங்கே ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் மறைகிறது. உங்கள் பெங்களூரில் குளிர் அவ்வளவு இல்லை என்றாலும், கூசாத ஜன்னலை எதற்கு மறைக்க வேண்டும்?

எந்த ஃபிலிம் என்றால், கறுப்பாக இருந்தால் வெயில் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் அப்படியே நம்பாதே. வெயிலின் சூட்டில் ஏறக்குறைய பாதி கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் மட்டும் ஏற்றிய மலிவு ஃபிலிம் அறையை இருட்டாக்கும், கண் கூச்சத்தைக் குறைக்கும், சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. பீங்கான் வகைப் பொருளின் நுண்துகள் சேர்த்த செராமிக் ஃபிலிம் விலை அதிகம், ஆனால் வெளிச்சத்தை விட்டு வைத்து அகச்சிவப்பைத் தடுக்கும். ஃபிலிமில் போட்டிருக்கும் எண்ணைக் கேட்டு வாங்கு. 35 என்றால் நூறில் முப்பத்தைந்து பங்கு வெளிச்சம் உள்ளே வரும். உனக்கு 35-க்கும் 50-க்கும் நடுவில் ஏதாவது போதும். ஐந்து, பத்து என்று எடுத்தால் மறுபடியும் பகலிலேயே டியூப்லைட் போட வேண்டியதுதான். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி மின்னும் வெள்ளி ஃபிலிமையும் யோசித்து வாங்கு. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாது. ராத்திரி நீ விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழாகிவிடும்: உனக்கு வெளியே தெரியாது, எதிர் பிளாட்காரர்களுக்கு நீ நன்றாகத் தெரிவாய். திரைச்சீலையைக் கழற்றாதே.

கண்ணாடியையும் ஒரு தடவை உற்றுப் பார். ஓரத்தில் விரிசலோ சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் ஒட்டவே கூடாது. ஃபிலிம் சூட்டைக் கண்ணாடியில் தேக்கும், விரிசல் ஓடிவிடும். கம்பி வலை பதித்த கண்ணாடி, புது பிளாட்டுகளில் வருகிற இரட்டைக் கண்ணாடி, இவற்றுக்கு எல்லா ஃபிலிமும் ஒத்துவராது. கேட்டுவிட்டு வாங்கு.

இனி ஒட்டும் வேலை. நேர் வெயில் விழும்போது ஆரம்பிக்காதே, தண்ணீர் காய்ந்து ஃபிலிம் பாதியில் பிடித்துக்கொள்ளும். மேற்கு ஜன்னலுக்குக் காலை நேரம்தான் சரி. ஃபேனை அணைத்துவிடு, தூசி பறக்கும். ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் சில சொட்டு விட்டுக் கலக்கு. கண்ணாடியின் உள்பக்கத்தை நனைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகச் சுரண்டு. பெயின்ட் துளி, பழைய டேப் பசை எல்லாம் வந்துவிடும். அலுமினிய ஜன்னலில் கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் பீடிங் ஓரத்தில்தான் மண் ஒளிந்திருக்கும், அதை விட்டுவிடாதே. டர்க்கி டவலால் துடைக்காதே, நூல் பிசிறு ஒட்டும். ரப்பர் பட்டை வைத்த கை வைப்பரால் வழித்து எடு. வேலையில் முக்கால்வாசி இந்தச் சுத்தம்தான். உள்ளே நீர்க்குமிழி இருந்தால் பிறகு மறையும், ஒரு மணல் துகள் மாட்டிக்கொண்டால் கடைசிவரை அங்கேயே இருக்கும்.

ஃபிலிமை ஜன்னல் அளவைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டு. அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஒரு மூலையில் முன்னும் பின்னும் செலோடேப் துண்டுகளை ஒட்டி எதிரெதிராக இழு, இரண்டும் பிரியும். உரிக்க உரிக்க, பசைப் பக்கம் முழுக்க ஸ்பிரே அடிக்க ஒருவர் வேண்டும். இங்கே அப்பா அடித்தார், நீ பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள். பசை நனையவில்லை என்றால் ஃபிலிம் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பிரிக்கவே முடியாது. கண்ணாடியையும் சொட்டச் சொட்ட நனைத்துவிட்டு, மேலிருந்து ஃபிலிமைச் சாய்த்து விடு. எண்ணெய் தடவிய கல்லில் தோசை நகர்வது மாதிரி வழுக்கிக்கொண்டு நகரும், அவசரமில்லாமல் நேராக்கிக்கொள்ளலாம். கோணலாகப் போனால் எடுத்துத் திரும்பப் போடு, ஒன்றும் ஆகாது.

நேரானதும் ஃபிலிமின் மேல்பக்கத்திலும் ஸ்பிரே அடி. அது காய்ந்திருந்தால் வைப்பர் கீறிவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தள்ளு, தண்ணீர் பீறிக்கொண்டு வெளியே வரும், கீழே பழைய துணியைப் போட்டுவை. பிறகு ஸ்கேல் வைத்து, புது பிளேடால், பீடிங்கிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஓரத்தை வெட்டு. பீடிங்கோடு ஒட்ட வெட்டினால் ஓரம் மடங்கி மேலே கிளம்பும். வெட்டிய பிறகு ஓரங்களில் மட்டும் இன்னொரு தடவை வைப்பர் போடு.

மறுநாள் பார்த்தால் பால் படிந்தது போல மங்கலாக, சின்னச் சின்ன நீர்ப் பொட்டுகளோடு இருக்கும். ஊசியால் குத்தாதே. முழுக்க உலர ஒரு மாதம்கூட ஆகலாம், அதுவரை துடைக்காதே. அதன்பிறகும் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் ஃபிலிமைக் கெடுக்கும்.

மிச்சத் துண்டை உன் காருக்குப் போடலாம் என்று யோசிக்காதே. 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று சொன்னது, பிறகு அது கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் கண்ணாடி வழியே முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் வெளிச்சம் போக வேண்டும் என்பது விதி. வீட்டு ஃபிலிமை அங்கே ஒட்டி எதற்கு வம்பு?

வாடகை வீடு என்பதால் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி மூலையிலிருந்து உரித்தால் வந்துவிடும், மிச்சப் பசை சோப்புத் தண்ணீருக்கும் பிளேடுக்கும் போகும் என்று சொல். அவர் அதற்கும் தயங்கினால் பசையே இல்லாத ஃபிலிம் இருக்கிறது. வெறும் தண்ணீரில் பிடித்துக்கொள்ளும், நினைத்தபோது எடுக்கலாம். அவர் சொன்னதையும் ஜன்னலின் நீள அகலத்தையும் எழுதி அனுப்பு. இந்த மாதக் கடைசியில் கரோல் பாக் கடைத்தெருவுக்குப் போகிறேன். நல்ல ரோல் கிடைத்தால் மடிக்காமல் சுருட்டி, அண்ணன் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா