காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு யாப்பு: லண்டன் நண்பனுக்கு ஹட்டனிலிருந்து

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து பெரிய ஆறுதல். இங்கே சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கிவிட்டது. ரயில் நிலையத்திலிருந்து பஸ் தரிப்பிடம் வரை எந்நேரமும் சனம்தான். நம்மோடு படித்து டிக்கோயாவில் வாத்தியாராக இருந்தவன் ஓய்வுபெற்றுவிட்டான். அவனுடைய கடைசி மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறாள். அவள் பாட்டி கொழுந்து பறித்தவர். இந்தச் செய்தி உன்னை எவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். “உதவ மனம் இருந்தால் போதாதா? காசு சேர்க்கிறவர்களுக்கென்று ஒரு சங்கமும், யாப்பு என்று அதற்கொரு விதித்தொகுப்பும் எதற்கு?” என்று எழுதியிருந்தாய். இங்கேயும் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் புலமைப்பரிசில் நிதி, பாடசாலைக் கட்டடம், ஆஸ்பத்திரிக்கு இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம், மண்சரிவு நிவாரணம் என்று எதற்காவது காசு சேர்ப்பதை வேலையாகவோ தொண்டாகவோ செய்கிறவர்கள் கூடி அமைக்கும் சங்கம் இது. சங்கம் தன் பெயரில் யாரிடமும் நன்கொடை கேட்காது. அங்கத்தவர் சந்தாவில்தான் நடக்கும். எப்படிக் கேட்பது, எப்படிக் கணக்குக் காட்டுவது, எதைச் செய்யவே கூடாது என்று ஒருவருக்கொருவர் பயிற்சி கொடுப்பதும் கட்டுப்பாடு வைத்துக்கொள்வதும்தான் நோக்கம். பெயர்கூட இன்னும் முடிவாகவில்லை. யாப்பின் முதல் வரைவை எழுதும் பொறுப்பு என்னிடமும் இன்னும் இருவரிடமும் வந்திருக்கிறது.

நமக்கு முன்னால் இதைச் செய்தவர்கள் என்ன எழுதி வைத்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் நிதி சேகரிப்பாளர்கள் 1960இல் ஒரு தேசியச் சங்கம் அமைத்திருக்கிறார்கள். 1964இலேயே ஒழுக்கக் கோவை ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். இன்று அதற்குப் பல நாடுகளில் கிளைகள் உண்டு. நீ இருக்கும் நாட்டில் நிதி சேகரிப்பாளர்களுக்கென்று 1983இல் தொடங்கிய நிறுவகம் 2020இல் அரச பட்டயம் பெற்றது. 2006இல் பல நாட்டுச் சங்கங்கள் ஒன்றுகூடி நேர்மை, மரியாதை, நாணயம், பரிவு, வெளிப்படை என்ற ஐந்தையும் பொது அடிப்படைகளாக ஏற்றன. இந்த ஐந்தையும் யாரும் மறுக்கப்போவதில்லை. அதனாலேயே அவற்றை மட்டும் எழுதி வைத்தால் போதாது என்று எனக்குப் பட்டது. கையைக் கட்டுகிற விதிகள் வேண்டும்.

அமெரிக்கக் கோவையில் அப்படி ஒரு விதி இருக்கிறது. சேர்த்த தொகையில் இத்தனை வீதம் என்று யாரும் கூலி வாங்கக் கூடாது. சம்பளம் வாங்கலாம், ஊக்கத்தொகைகூட வாங்கலாம். ஆனால் அது வந்த நன்கொடையின் பங்காக இருக்கக் கூடாது. ஆளைப் பிடித்துக் கொடுத்ததற்குத் தரகுக் காசும் கூடாது.

எங்கள் கூட்டத்தில் ஒரு பின்னேரம் முழுவதும் இதிலேயே போனது. பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவன் எழும்பிக் கேட்டான்: “சம்பளம் கொடுக்க எங்கள் அமைப்பிடம் காசு இல்லை. பத்து வீதம் தந்தால் பஸ் காசுக்காவது ஆகும். இதில் என்ன பிழை?” நியாயமான கேள்வி. அந்தப் பிள்ளை ஞாயிறு தவறாமல் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறான். நான் அவனுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன்.

ஒருவர் ஒரு பிள்ளையின் படிப்புக்கென்று ஆயிரம் ரூபாய் தருகிறார். அதில் நூறு ரூபாய் உன் சட்டைப் பைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாவிட்டால், அவர் கொடுத்தது ஒன்று, நடந்தது வேறொன்று. சரி, சொல்லிவிட்டே எடுக்கிறாய் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வீதக் கணக்கு உன் காலை எந்த வாசலுக்கு இழுக்கும்? பெரிய தொகை தரக்கூடியவர் வாசலுக்குத்தான். ஐம்பது ரூபாய் தரும் ஆச்சியோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. தர யோசிக்கிறவரை விடமாட்டாய், இன்னும் கொஞ்சம் அழுத்துவாய். கஷ்டத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் கூடக் கிடைக்கும் என்றும் ஒருநாள் தெரிந்துவிடும். ஒரு கம்பனி ஒரே கடிதத்துக்கு ஐம்பது லட்சம் தந்தால் அதில் ஐந்து லட்சம் உன்னுடையதா? அந்த அமைப்பின் நல்ல பெயரை வருடக்கணக்காகக் கட்டி வளர்த்தவர்கள் எத்தனை பேர்? அந்தக் காசு நம் கையால் போகிறதே தவிர, எந்த நிமிடத்திலும் நம்முடையது அல்ல. கொடுத்தவர் கையிலிருந்து போய்ச் சேர வேண்டியவர் கைக்குப் போகிறது. வழியில் நாம் பங்காளி ஆகக் கூடாது.

ஆகவே வரைவில் இப்படி எழுதியிருக்கிறேன்: அங்கத்தவர் எவரும் வீதக் கூலி வாங்கவோ கொடுக்கவோ கூடாது. சம்பளம் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். பஸ் காசு, போன் காசு முதலான செலவுகளைக் கணக்குக் காட்டிப் பெற வேண்டும். இந்தச் செலவுகளை அமைப்பு தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒளிக்காமல் போட வேண்டும். “நூறு சதமும் மக்களுக்கே” என்று பதாகை கட்டுகிறார்களே, எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் செலவை யாரோ ஒரு பிள்ளை தன் கைக்காசில் சுமக்கிறான் என்பதுதான் அதன் அர்த்தம். களைத்துப்போய் அவன் விட்டுவிட்டுப் போனால், அவனோடு அத்தனை அனுபவமும் போய்விடும். காசு சேர்ப்பதும் படித்துச் செய்ய வேண்டிய தொழில்தான். அதற்குக் கௌரவமான சம்பளம் கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை.

அடுத்த பிரிவு படங்களைப் பற்றியது. வெளிநாட்டுக் கோவைகள் இதைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. மலையகத்தில் அது போதாது.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். நாடு முழுவதிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உதவி வந்தது. கொடுத்த மனங்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் எல்லாம் இழந்து நின்ற சனங்களின் முகங்களை அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே எத்தனை பேர் படமெடுத்தார்கள்! அந்தச் சனங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நாட்களைத் தள்ளினார்கள். புதிய வீடு கைக்கு வர 2016 ஆனது. ஆனால் அழுத முகங்களின் படங்கள் ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டன. இப்போதும் எந்தப் புலமைப்பரிசில் துண்டுப்பிரசுரத்தை எடுத்தாலும் ஒழுகும் லயத்துக்கு முன்னால் வெறுங்காலோடு ஒரு பிள்ளை நிற்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போய், வேலைக்கு நேர்முகத்தேர்வுக்குப் போகும்போதும் அந்தப் படம் இணையத்தில் கிடக்கும்.

அதனால் எழுதியிருக்கிறேன்: பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகம் கூடாது. சம்மதம் கேட்கும்போது படம் எங்கே, எத்தனை காலத்துக்கு வரும் என்று தமிழில் விளக்க வேண்டும். மாட்டேன் என்றாலும் உதவி நிற்காது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திருப்பி வாங்கலாம். பெயரும் பாடசாலையும் தோட்டமும் ஒன்றாக வெளிவரக் கூடாது. உதவி வாங்குகிறவரைப் பரிசளிப்பு மேடையில் ஏற்றி, கொடுத்தவருக்கு முன்னால் நன்றி சொல்லவைப்பதையும் தடுத்திருக்கிறேன். இதற்கு எதிர்ப்பு வரும். மேடை இல்லாவிட்டால் கொடுக்கிறவர்கள் பின்வாங்குவார்கள் என்கிறார்கள். சிலர் பின்வாங்கட்டும். இந்த ஒரு வரியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கொடுப்பவரின் உரிமையும் அதே அளவுக்கு எழுதப்பட வேண்டியது. 1993இல் அமெரிக்காவில் நான்கு அமைப்புகள் சேர்ந்து நன்கொடையாளர் உரிமைகள் என்று பத்தை வகுத்தன. கொடுத்த நோக்கத்துக்கே காசு செலவாக வேண்டும், கடைசிக் கணக்கறிக்கையைப் பார்க்கலாம், கேட்பவர் தொண்டரா, ஊழியரா, கூலிக்கு அமர்த்தப்பட்டவரா என்று தெரிந்துகொள்ளலாம், கேள்விக்கு உடனே உண்மையான பதில் பெறலாம் என்று போகிறது. நாங்கள் அதோடு ஒன்றைச் சேர்த்தோம். தேவைக்கு மேல் காசு வந்தால் மிச்சம் எங்கே போகும் என்பதை, காசு சேர்க்கத் தொடங்கும் முன்பே பற்றுச்சீட்டில் அச்சடிக்க வேண்டும். அனர்த்தக் காலத்தில் சண்டை எல்லாம் அந்த மிச்சத்தில்தான் தொடங்குகிறது.

கொடுப்பவர் என்றதும் எல்லாருக்கும் லண்டனும் டொரொன்டோவும் கொழும்புக் கம்பனியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. மலையகத்தில் காலாகாலமாகக் கொடுத்து வருகிறவர்கள் தோட்டத்து ஆட்கள், மச்சான். கோயில் திருவிழாவுக்கும் மரண உதவிக்கும் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பிடித்துக் கொடுத்தே பழகியவர்கள். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராட வேண்டியிருந்த சனம் அது. அந்தச் சம்பளத்தில் நூறு ரூபாய் கொடுக்கிற அக்காவுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. சம்பளத்தில் பிடிப்பதென்றால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்ல வேண்டும், வருடக் கணக்கை அந்தத் தோட்டத்து டிவிசனிலேயே, வேலையில்லாத நாளில், தமிழில் வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். “தோட்டத் தலைவர் சொன்னார், எல்லாரும் கொடுங்கள்” என்பது சம்மதம் ஆகாது.

மற்றவை வழக்கமானவை. தலைவர், செயலாளர், பொருளாளர் இரண்டு வருடத்துக்கு. ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. வங்கிக் கணக்கில் இரண்டு கையொப்பம். கணக்காய்வாளர் வெளியாள். கூட்டநடப்பெண், அதாவது கூட்டம் நடத்த வந்திருக்க வேண்டிய ஆகக் குறைந்த அங்கத்தவர் தொகை, மூன்றில் ஒரு பங்கு. சங்கம் கலைந்தால் சொத்து அங்கத்தவருக்குப் போகாது, இதே நோக்கமுள்ள வேறு அமைப்புக்குப் போகும். அரசியல் பதவியில் இருப்பவர் போசகராகவும் வரக் கூடாது என்று ஒரு வரி போட்டேன். அதற்கு அரைமணி நேரம் சத்தம், கடைசியில் நிறைவேறியது.

முறைப்பாடு வந்தால் விசாரிக்கும் குழுவில் பாதிக்கு மேல் வெளியாட்கள் இருப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் தீர்ப்பு இல்லை. எச்சரிக்கை, கண்டனம், இடைநிறுத்தம், நீக்கம் என்று படிப்படியாகப் போகும். இந்த நாட்டில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தன்னார்வ அமைப்புகளின் பதிவையும் மேற்பார்வையையும் கவனிக்கிறது. 1998இல் வந்த திருத்தம் நிதி மோசடி நடந்த அமைப்புக்கு இடைக்கால முகாமைச் சபை நியமிக்க வழி வைத்திருக்கிறது. அதெல்லாம் காசு போன பிறகு வருகிற மருந்து. போகும் முன்பே ஒருவரையொருவர் தட்டிக் கேட்க ஓர் இடம் வேண்டாமா?

உன் நாட்டு அனுபவமும் எனக்குப் பெரிய பாடம். 2015இல் பிரிஸ்டலில் 92 வயது மூதாட்டி ஒருவர் இறந்தபோது, நன்கொடை கேட்டு அவருக்கு வந்து குவிந்த கடிதங்கள் பெரிய செய்தியாயின. மரணத்துக்கு அந்தக் கடிதங்கள் காரணமில்லை என்று குடும்பத்தினரே சொன்னார்கள். ஆனால் விசாரித்துப் பார்த்ததில் 99 தொண்டு நிறுவனங்களிடம் அவர் விபரம் இருந்தது. பெயர்ப் பட்டியல் கை மாறி மாறிப் போயிருக்கிறது. தொழில் சங்கமும் கோவையும் இருந்த நாட்டில் இது நடந்தது. அடுத்த வருடம் தனியாக ஒரு நிதி சேகரிப்பு ஒழுங்குபடுத்துநரை அமைத்தார்கள். கோவையை எழுதி அலுமாரியில் வைத்தால் பயனில்லை, வெளியே நின்று பார்க்கும் கண்ணும் வேண்டும் என்பதால்தான் விசாரணைக் குழுவில் வெளியாட்கள் என்று பிடிவாதமாக நின்றேன்.

பெயர்ப் பட்டியல் விஷயத்தில் உன் உதவி வேண்டும். உங்கள் குழுவில் மாதாமாதம் காசு அனுப்புகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் இங்கே இரண்டு மூன்று அமைப்புகளிடம் இருக்கின்றன. ஓர் அமைப்பை விட்டுப் போகிறவர் அந்தப் பட்டியலைக் கையோடு கொண்டுபோகக் கூடாது, இன்னோர் அமைப்புக்குக் கொடுப்பதற்குக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும் என்று ஒன்பதாம் பிரிவில் இருக்கிறது. அங்கே தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் சம்மதம் வாங்கும் படிவம் ஒன்று இருக்குமே, அதை அனுப்பு. தமிழில் எளிமையாக்கிக் கொள்கிறேன். அப்புறம், வரைவை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் கணக்குப் பார்க்கும் அக்காவிடமும் காட்டு. எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவர் கண்ணுக்குச் சட்டென்று படும். பங்குனியில் தலவாக்கலையில் பொதுக்கூட்டம் வைக்க யோசிக்கிறோம். அதற்கு முன் பதில் வந்தால் திருத்தங்களைச் சேர்த்துவிடுவேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்