முக்கால் மணி நேரக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தீபாவளிச் சந்தை பற்றிய கட்டுரையில், “ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடும் சின்னத் தீவில், சரக்கு வரத் தாமதம் என்பது வியாபாரிகளின் சாக்கு” என்று எழுதியிருந்தீர்கள். எழுதியவர் டாக்சியில் போகிறவர் போலும்.

மேற்குக் கோடி துவாஸிலிருந்து கிழக்குக் கோடி சாங்கி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கனரக வண்டிக்கு விரைவுச்சாலையில் உச்ச வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓடினாலே 50 நிமிடம். கொள்கலன் பெட்டியிலிருந்து சரக்கை இறக்கிய பிறகு காலிப் பெட்டியைக் கிடங்கில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தை எந்தக் கட்டுரையும் எண்ணுவதில்லை.

உங்கள் வரைபடம் இன்னும் அழகு. வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்கு ஒரு நேர் அம்பு. அது பியர்ஸ் நீர்த்தேக்கக் காட்டின் மேல் போகிறது. வாழையிலை லாரிக்கு இறக்கை முளைத்தால் போகலாம். தீவின் நடுப்பகுதியில் நீர்த்தேக்கங்களும் காடும் இருப்பதால், வடக்கிலிருந்து வரும் லாரி புக்கிட் தீமா விரைவுச்சாலை வழியாகவோ சிலேத்தார், மத்திய விரைவுச்சாலைகள் வழியாகவோ சுற்றித்தான் வர வேண்டும். வடமேற்கிலும் தெங்கே, போயான், மூராய், சரிம்புன் நீர்த்தேக்கங்களும் ராணுவப் பயிற்சி நிலமும். அதனால் துவாஸ் சரக்கு கிழக்கே வர ஆயர் ராஜா விரைவுச்சாலை, தீவு விரைவுச்சாலை இரண்டையுமே நம்பியிருக்கிறது. அவற்றில் ஒரு லாரி பழுதாகி நின்றாலே அன்றைய அட்டவணை போயிற்று.

தீபாவளிக் கூடையையே பாருங்கள். மல்லிகை விமானத்தில் கிழக்கே சாங்கிக்கு வருகிறது. வாழையிலை வடக்கே மலேசியாவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டுகிறது. அரிசியும் வெங்காயமும் கப்பலில் வந்து, துறைமுகம் இடம் மாற மாற, மேலும் மேலும் மேற்கே இறங்குகின்றன. மூன்றும் தேக்காவில் ஒரே காலையில் சேர வேண்டும்!

2022-ல் திறந்த துவாஸ் துறைமுகம் 2040-களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 65 மில்லியன் டிஇயு (20 அடிப் பெட்டி ஒன்று 1 டிஇயு) கையாளும். நகரத்துத் துறைமுகங்களை 2027-க்குள் அங்கே மாற்றுவது திட்டம். இங்கே இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறு கப்பலுக்கு மாறுபவை. துறைமுக வாசலைத் தாண்டாதவை. பிரானி, பாசிர் பாஞ்சாங் துறைமுகங்களுக்கு இடையே அவற்றைச் சாலையில் இழுத்தடிப்பதை ஒழிக்க, எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பது சரியான திட்டம்தான். ஆனால் பழைய தஞ்சோங் பகார் துறைமுகத்தில், தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில் இறங்கிய நம் வெங்காயத்துக்கு அது நீண்ட பயணம்.

வந்த பிறகும் 40 அடி நீளப் பெட்டி தேக்காவின் பஃப்ளோ சாலைக்குள் திரும்பாது. எனவே கிடங்கில் பிரித்து 14 அடி லாரியில் மாற்றுகிறார்கள். மூட்டைகள் பலகையில்லாமல் தரையிலிருந்து அடுக்கி வந்திருந்தால் கையால்தான் இறக்க வேண்டும். காற்றுத் துளை மூடி வந்த பெட்டியில் வெங்காயம் வியர்த்து அழுகியிருக்கும். அதைப் பொறுக்கிப் பிரிக்க இன்னும் நேரம். இதைத்தான் சாக்கு என்கிறீர்கள்.

இது புதிதுமல்ல. 2024-ல் கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்து இங்கே மொத்தமாகக் குவிந்தன. கெப்பல் துறைமுகத்தில் பழைய துறைகளை மீண்டும் திறந்து சமாளித்தார்கள். உங்கள் தலைப்போ “மெத்தனமா?” என்று கேட்டது. அந்த ஆண்டு சிங்கப்பூர் கையாண்ட 41.12 மில்லியன் டிஇயுவை “41 மில்லியன் கொள்கலன்கள்” என்று போட்டீர்கள். 40 அடிப் பெட்டி ஒன்று 2 டிஇயு என்பது தாங்கள் அறியாததா? அதைச் சுட்டிய கடிதத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ராசிபலனுக்கு அரைப் பக்கம் போய்விடுகிறதே, என்ன செய்வது!

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வரைபடத்தில் ஓர் அளவுகோலும் நீர்த்தேக்கங்களும் இருக்கட்டும். “சாக்கு” என்ற சொல்லுக்காக வியாபாரிகளிடம் ஒரு வரி வருத்தம் தெரிவியுங்கள். உள்பக்கத்தின் அடியில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
சரக்குப் போக்குவரத்துத் துறை வாசகர்,
பூன் லே